பீலிக்கு மேலே இருந்த காடு

பதுளைக் கச்சேரியில், அதாவது சர்க்கார் ஆபீசில், துபாசியாக வாழ்நாளைக் கழித்தவன் நான். ஒருவர் பேசுவதை இன்னொருவருக்குப் புரிகிற பாஷையில் திருப்பிச் சொல்வது வேலை. தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றும் பகலெல்லாம் நாக்கில் புரண்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் யாரோடும் வாய் திறக்கப் பிடிக்காது. என் பெண்சாதி சோற்றைப் போட்டுவிட்டு, "இன்னைக்காச்சும் வீட்டு மனுசரோட ரெண்டு வார்த்த பேசுவீங்களா?" என்பாள். பேசமாட்டேன். அலுப்பு. வேலை முடிந்த பிறகும் அந்த அலுப்பு என்னை விட்டுப் போகவில்லை. இதை எழுதுவதும் ஆசைப்பட்டு இல்லை. எழுதாமல் இருப்பது அதைவிட அலுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

எனக்கு ஒரே ஒரு அக்கா. பதுளையிலிருந்து தெமோதரை போகிற ரோட்டில் பாதி வழி போய், இடது கைப் பக்கம் மேலே ஏறினால் ஒரு தோட்டம். அங்கேதான் நாங்கள் இரண்டு பேரும் பிறந்தோம். அப்பாவும் அம்மாவும் திருச்சிப் பக்கத்திலிருந்து காப்பிக் காலத்தில் நடந்து வந்தவர்கள். காப்பிச் செடி நோய் வந்து பட்டுப்போன வருஷங்களில் இருவரும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். அக்கா தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனாள். என்னைப் பதுளைப் பாதிரியார் பள்ளிக்கூடத்தில் விட்டாள். "நம்ம வீட்டுக்கு ஒரு கூடை போதும். நீ தூக்க வேணாம்" என்று அன்றைக்குச் சொன்னவள், அதற்குமேல் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அவள் கூடை தூக்கினாள், நான் கோட்டுப் போட்டேன். இதை மறந்தால் நான் மனிதனே இல்லை. ஆனால் மறக்காமல் இருந்து நான் என்ன கிழித்தேன் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

தோட்டத்து ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு லயம் என்று பேர். எங்கள் லயத்துக்கு மேலே மலைச்சரிவு முழுக்கக் காடு. அந்தக் காட்டுக்குள் ஓர் ஓடை பிறந்து கீழே இறங்கும். அதன் தண்ணீரை மூங்கிலைப் பிளந்து வைத்து லயத்துப் பக்கமாக விழவைத்திருந்தார்கள். அதுதான் பீலி. குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் அதுவே. ஊவாவில் கச்சான் காற்று அடிக்க ஆரம்பித்தால் மாதக்கணக்கில் விடாது. பத்தனைப் புல்வெளி எல்லாம் காய்ந்து பழுப்பாகிவிடும். பக்கத்துத் தோட்டங்களில் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு மைல் கணக்கில் நடப்பார்கள். எங்கள் பீலி மட்டும் கையளவு தடிப்பில் விழுந்துகொண்டே இருக்கும். அதே ஓடைதான் கீழே போய்ச் சிங்களக் கிராமத்து வயல்களுக்கும் பாய்ந்தது. காடு இருந்தவரை இதையெல்லாம் யாரும் ஒரு பேச்சாக எடுத்ததில்லை.

ஓடை பிறக்கிற இடத்தில் ஒரு பெரிய மரம். நாவல் சாதி என்று நாங்கள் சொல்வோம், கிராமத்துக்காரர்கள் வேறு பெயர் சொல்வார்கள். அதன் அடியில் மூன்று கல்லும் ஒரு சூலமும். முனி. அப்பாவும் அவர் கூட்டாளிகளும் வந்த புதிதில் வைத்தது. இந்தியச் சீமையை விட்டு வந்தவர்கள் வேறு என்ன செய்வார்கள்? தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு கல்லை நட்டுப் பொட்டு வைத்தால்தான் அன்றைக்குத் தூக்கம் வரும். வருஷத்துக்கு ஒரு நாள் கோழி அறுத்துப் பொங்கல் வைப்பார்கள். விறகு பொறுக்கப் போகிறவர்கள் அந்த மரத்தைத் தாண்டி மேலே போகமாட்டார்கள். யாரும் போட்ட சட்டமில்லை, பயம். பயத்தைவிடப் பெரிய காட்டுக் காவல்காரனை நான் பார்த்ததில்லை.

கச்சேரியில் காடு என்பது வேறு சங்கதி. அங்கே காடு மரமாக இல்லை, கடுதாசியாக இருந்தது. நான் உத்தியோகத்தில் சேர்ந்த காலத்தில் மாகாணத்துக்கு இருந்த ஏஜெண்டு துரை வயலைப் பார்த்து உருகுகிறவர். வெடித்த வயலில் நின்று விவசாயியோடு பேசுவார், நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பேன். மலை உச்சிக் காட்டை வெட்டினால் கீழே வயல் சாகும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. உச்சிக் காடுகளை விற்கக் கூடாது என்று எழுதி வைத்தார். தோட்டத்துத் துரைமார் கிளப்பில் அவரைத் திட்டித் தீர்த்தார்கள், கொழும்புக்கும் எழுதினார்கள். கொழும்புச் சட்டசபையில் தோட்டக்காரருக்கென்று ஒரு துரை உட்கார்ந்திருந்தார், மலைநாட்டுச் சிங்களவருக்கென்று ஒரு பெரிய வீட்டு மனிதர் உட்கார்ந்திருந்தார். எங்கள் லயத்துக்காக உட்கார்ந்தவர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பிறகு அந்த ஏஜெண்டு துரையை மாற்றினார்கள். வந்தவர் கிளப்பில் நன்றாகச் சீட்டு ஆடுவார். வந்த மாதத்திலேயே பழைய உத்தரவு எங்கோ அடியில் போய்விட்டது. காட்டிலாகாத் துரை ஒருவர் இருந்தார், அவரும் வெள்ளைக்காரர்தான். ஆனால் மரத்துக்காகப் பேசுவதால் கிளப்பில் அவரோடு உட்கார ஆளில்லை. ரட்டமாத்தயா, அதாவது அந்தப் பகுதிச் சிங்களத் தலைமைக்காரர், எந்த ஏஜெண்டு வந்தாலும் அவர் பக்கம் சாய்வார். கிராமத்தான் பசிக்கு ஒரு துண்டுக் காட்டை எரித்துக் குரக்கன் விதைத்தால், அவனைக் கூண்டில் ஏற்றி, "காட்டை அழித்தாயா?" என்று என்னைக் கேட்கச் சொல்வார்கள். துரை ஒரு மலையையே மொட்டையடித்தால் அதற்குப் பெயர் தோட்டம் திறப்பது. இரண்டு வார்த்தைகளையும் மொழிபெயர்த்தவன் நான்தான். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. சோறு இறங்கத்தான் செய்தது.

இப்படி இருக்கும்போது எங்கள் லயத்துக்கு மேலே இருந்த காட்டுக்கு விசாரணை வந்தது. அந்தக் காலத்தில் சட்டம் இதுதான்: காடாகக் கிடக்கிற நிலம் சர்க்காருடையது. இல்லை, என்னுடையது என்கிறவன், தான் அதை நெடுங்காலமாக ஆண்டு வருகிறேன் என்று காட்ட வேண்டும். எங்கள் தோட்டத்துத் துரை, அந்த மலையைக் கிராமத்தாரிடம் முன்னமே எழுதி வாங்கிவிட்டேன் என்று ஓர் உறுதிப் பத்திரத்தை நீட்டினார். அந்த உறுதியில் எல்லை எங்கே முடிகிறது என்று எழுதியவனுக்கே வெளிச்சம். காட்டிலாகாத் துரை, இது சர்க்கார் காடு, ஓடை பிறக்கிற இடம், தொடக் கூடாது என்று நின்றார். யார் கை ஓங்கும் என்று கச்சேரி முழுக்க ஒரே பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். அக்கா பீலியடியில் துணி அடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் துணியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

"காட்ட வெட்டிப்புட்டா இந்தத் தண்ணி என்னடா ஆகும்?"

"நின்னுரும்க்கா."

"அப்ப நாங்க எங்க போறது? லயத்துல இத்தன குஞ்சு குளுவான் இருக்கே. கச்சேரில இருக்க, மூணு பாச படிச்ச, நீ ஒன்னும் செய்ய மாட்டியா?"

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் குத்தியது. எனக்குள் ஒரு பெரிய மனுஷன் எழுந்து உட்கார்ந்தான். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் மொனராகலை போகிற வழியில் ஒரு கிராமத்தில் இதே மாதிரி விசாரணை நடந்தது. ஒரு துரை ரப்பர் போட ஒரு காட்டைக் கேட்டார். கிராமத்தார் எல்லாரும் வந்து, இது எங்கள் விகாரைக் காடு, எங்கள் பாட்டன்மார் காலத்திலிருந்து பூ வைத்துக் கும்பிடுகிறோம் என்று சாட்சி சொன்னார்கள். அவர்கள் சொன்னதை இங்கிலீஷில் சொன்னவன் நான். காடு தப்பியது. சாமி இருந்தால் காடு தப்பும் என்று என் மரமண்டையில் அன்றைக்கு ஏறியது இறங்கவே இல்லை. பீலியடியில் நின்றபடி அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

"விசாரணைக்கு நீ வா. யாரு வேணும்னாலும் சாட்சி சொல்லலாம். இது எங்க முனி எடம், எங்க அப்பா வச்ச கல்லு, தோட்டம் தொறந்த நாள்ல இருந்து நாங்க கும்புடுறோம், எங்க கைய விட்டுப் போகலன்னு சொல்லு. அழுத்திச் சொல்லு. அது போதும்."

"நீதான் எனக்குச் சொல்லிக்குடுத்தேன்னு சொல்லலாமா?"

"ஐயோ, வாயத் தொறந்துராத! துபாசி சாட்சிக்குச் சொல்லிக்குடுத்தான்னு தெரிஞ்சா அன்னைக்கே என் சீட்டக் கிழிச்சுருவாங்க. நீ என் அக்கான்னே காட்டிக்காத."

அவள் சரி என்று தலையாட்டினாள். அன்று முழுக்கக் கொழுந்து கிள்ளுகிற மாதிரி விரலை அசைத்து அசைத்து அந்த நாலு வரியைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அட, அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

விசாரணை தோட்டத்து இஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, முன்னால் நடந்தது. தேயிலை அரைக்கிற இயந்திரத்தை அரை நாள் நிறுத்தியிருந்தார்கள். விசாரணைத் துரை மேஜைக்குப் பின்னால், ஒரு பக்கம் தோட்டத்துத் துரை, ஒரு பக்கம் காட்டிலாகாத் துரை, நடுவில் நான். கிராமத்தார் நாலைந்து பேர் வந்து, மலை தங்களுடையது என்றும், துரைக்கு விற்றது கீழ்ப்பக்கம் மட்டும் என்றும் சொன்னார்கள். ரட்டமாத்தயா இருமினார். அதற்குப் பிறகு வந்த கிராமத்தார், எல்லாவற்றையும் விற்றுவிட்டோம் என்றார்கள். அதன் பிறகு அக்கா வந்தாள். குளித்து, திருநீறு பூசி, இருந்ததில் நல்ல சேலையாகக் கட்டியிருந்தாள்.

"எங்க முனியோட எடங்க அது. எங்க அப்பா வச்ச கல்லுங்க. தோட்டம் தொறந்த நாள்ல இருந்து நாங்க கும்புடுறோம். ஒரு வருசம் விட்டதில்லைங்க. எங்க கைய விட்டு அது போனதே இல்லைங்க."

ஒரு சொல் பிசகவில்லை. நான் இங்கிலீஷில் சொன்னேன். விசாரணைத் துரை தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார். காட்டிலாகாத் துரையின் முகம் ஏன் இப்படிப் போகிறது என்று எனக்கு அப்போது புரியவில்லை. தோட்டத்துத் துரை மெதுவாக எழுந்தார். அவருக்குத் தோட்டத் தமிழ் நன்றாகவே வரும், லயத்தில் கெட்ட வார்த்தை முதற்கொண்டு பேசுவார். ஆனால் அன்றைக்கு அவர் குரல் தேனாக ஒழுகியது.

"ஆயி, பயப்படாதே. பூசைக்கு யாரு லீவு குடுக்கறது?"

"தொரைதாங்க."

"காட்டுக்குள்ளே பாதை யாரு வெட்டறது?"

"தொரை சொல்லி, பெரட்டுல பேரு போட்டு, கங்காணி அஞ்சாறு ஆள விடுவாருங்க. வருசா வருசம்."

"நல்லது. உன் அப்பா யாரு ஆளு? நீ யாரு ஆளு?"

அக்காவுக்கு இதில் என்ன யோசிக்க இருக்கிறது? காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் தினமும் பேர் கொடுக்கிறவள். "நாங்க எல்லாரும் தொரையோட ஆளுங்கதாங்க" என்றாள்.

அந்த நிமிஷத்தில்தான் புரிந்தது. விகாரைக்குப் பேர் இருந்தது, பிக்கு இருந்தார், அரசர் காலத்து ஓலை இருந்தது. விகாரை தனக்கென்று நிலம் வைத்துக்கொள்ளும். எங்கள் முனிக்கு என்ன இருந்தது? கல் நட்டவன் துரையின் ஆள். பாதை வெட்டியவன் துரையின் ஆள். கும்பிடுகிறவள் துரையின் ஆள். அப்படியானால் அத்தனை வருஷமாக அந்தக் காட்டை ஆண்டது துரை. அவரிடம் இல்லாமல் இருந்த ஒரே சாட்சியத்தை நாங்களே குளித்து முழுகிக் கொண்டுபோய்க் கையில் கொடுத்துவிட்டோம். எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாற்றிச் சொல்லவும் முடியாது, துரைக்குத் தமிழ் தெரியும். தெரியாவிட்டாலும் மாற்றியிருப்பேனா என்பது எனக்கே சந்தேகம். அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

குதிரையில் ஏறப் போகும்போது காட்டிலாகாத் துரை என்னைப் பார்த்து, "அந்தப் பெண் பேசாமல் வீட்டில் இருந்திருந்தால் காடு சர்க்காரிடமே இருந்திருக்கும். யார் அவளை வரச் சொன்னது?" என்று கேட்டார். தெரியாது, ஐயா என்றேன்.

தீர்ப்பு வர மாதக்கணக்காயிற்று. கொழும்புக்கும் பதுளைக்கும் கடுதாசி போய்வந்தபடி இருந்தது. நடுவில் காட்டிலாகாத் துரையை மொனராகலைப் பக்கம் தூக்கிப் போட்டார்கள். கடைசியில் மலை தோட்டத்துக்கு என்று வந்தது. ஓடைக்கு இரு கரையிலும் கொஞ்சம் மரத்தைச் சர்க்காருக்கென்று விடவேண்டும் என்று ஒரு வரியும் இருந்தது. அந்த வரியை எழுதினவருக்கு அன்றைக்கு நல்ல தூக்கம் வந்திருக்கும்.

துரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த நாள் காலை பெரட்டுக்களத்தில் எல்லாரும் நிற்கும்போது அக்காவை முன்னால் கூப்பிட்டு, "நல்ல சாட்சி, நல்ல ஆயி" என்று சொல்லி ஒரு புதுச் சிவப்புக் கம்பளியை அவள் தோளில் போட்டார். அவள் என்ன செய்வாள்? துரை கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல எந்த லயத்தில் ஆள் இருந்தது? கும்பிட்டு வாங்கிக்கொண்டாள். அத்தோடு முடிந்தது அவள் பேர். கம்பளிக்கு ஆசைப்பட்டு முனியை விற்றவள் என்று லயம் முழுக்கப் பேச்சு. கம்பளிக்காரி என்று பட்டப்பேர் வைத்தார்கள். அந்தக் கம்பளியை அவள் ஒரு குளிருக்கும் போர்த்தியதில்லை, பழைய சாக்கைத்தான் போர்த்தினாள். அதையும் நடிப்பு என்றார்கள்.

காடு வெட்டிய அன்று நான் அங்கே இருந்தேன். ஓடைக்கரை எல்லையைக் காட்டப் போன அளவைக்காரருக்குத் துபாசியாக அனுப்பியிருந்தார்கள். வெட்டினவர்கள் அதே சிங்களக் கிராமத்து ஆட்கள்தான். காட்டில் நுழைந்தால் வழக்குப் போடுவார்கள் என்று பயந்துகொண்டிருந்தவர்கள், இப்போது கோடரியோடு கூலிக்கு வந்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மலையடியில் ஆரம்பித்து ஒவ்வொரு மரத்தையும் பாதி வெட்டி விட்டுவிடுவார்கள். மரம் விழாது, நிற்கும். அடுத்ததற்குப் போவார்கள். இப்படியே பாதி பாதியாக வெட்டிக்கொண்டு உச்சி வரைக்கும் பல நாட்கள் ஏறினார்கள். பார்க்கிறவனுக்குக் காடு முழுசாக இருக்கிற மாதிரிதான் இருக்கும். கடைசி நாள் உச்சியில் இருக்கிற பெரிய மரங்களை மட்டும் அடியோடு வெட்டிக் கீழ்நோக்கித் தள்ளுவார்கள். அது அடுத்ததன்மேல் விழும், அது அதற்கடுத்ததன்மேல்.

லயத்து ஆட்கள் எல்லாரும் வாசலில் நின்று பார்த்தார்கள். மேலே ஒரு சத்தம் கேட்டது. பிறகு மலையே நடந்து கீழே வருகிற மாதிரி வந்தது. ஒரு வெற்றிலை போட்டு மெல்லுகிற நேரம்கூட ஆகவில்லை, முடிந்துவிட்டது. குருவிகள் திசை தெரியாமல் எங்கள் தலைக்குமேல் கத்திக்கொண்டு சுற்றின. குழந்தைகள் அழுதன. சர்க்காருக்கென்று விட்டிருந்த ஓடைக்கரை மரங்களும் விழுந்த மரங்களுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தன. தவறுதலாக நடந்துவிட்டது என்று துரை சொன்னதை அளவைக்காரர் எழுதிக்கொண்டார். முனி மரத்தை மட்டும் சுற்றிவர வெட்டி, அதைத் தொடாமல் நிற்க விட்டிருந்தார்கள். கூலிகளின் சாமியை நான் மதிக்கிறேன் என்றார் துரை. அதையும் நான்தான் தமிழில் சொன்னேன்.

அக்காவைத் தேடினேன். வாசலில் ஒரு பெண் அவளைப் பார்த்து, "போடி, போயி கம்பளியப் போத்திக்கிட்டுப் படு, இனிமே குளிரும்" என்று கத்தினாள். அக்கா என்னை நேருக்கு நேர் பார்த்தாள். நான் அளவைக்காரரின் சங்கிலியைப் பார்த்தேன்.

விழுந்ததெல்லாம் காய்ந்ததும் எரித்தார்கள், நாள் கணக்கில் எரிந்தது. சாம்பலில் குழி வெட்டித் தேயிலை நட்டார்கள். தனியாக நின்ற முனி மரம் அடுத்த கச்சானைத் தாங்கவில்லை. பீலித் தண்ணீர் முதல் வருஷம் விரல் தடிப்பானது, இரண்டாம் வருஷம் நூலானது, அதன் பிறகு கச்சான் மாதங்களில் மூங்கில் வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் மண்ணும் கல்லுமாக வந்து லயத்து வாசலில் கொட்டியது. கீழே வயல்காரர்கள் கச்சேரிக்கு மனுக் கொண்டுவந்தார்கள். அவற்றையும் மொழிபெயர்த்தேன். நல்ல இங்கிலீஷ் என்று தலைமைக் கிளாக்கர் பாராட்டினார்.

பீலியில் தண்ணீர் குறைந்த பிறகுதான் அக்காவுக்கு உண்மையான தண்டனை. பெண்கள் குடத்தை வரிசையாக வைப்பார்கள். அக்கா குடத்தை வைத்தால் காலால் நகர்த்திக் கடைசியில் வைப்பார்கள். அவள் முறை வரும்போது தண்ணீர் இருக்காது. வெறுங்குடத்தோடு கீழே ஆறு வரைக்கும் இறங்கி ஏறுவாள், கொழுந்துக்கூடை இறக்கின பிறகு. ஒரு தடவை நான் போயிருந்தபோது அந்த ஏற்றத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள். குடத்தை வாங்கி நான் தூக்கினேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை லயத்தில் சொன்னால் போதும்: அவளுக்கு ஒன்றும் தெரியாது, சொல்லிக்கொடுத்தவன் நான் என்று. சொன்னால் அது கங்காணி காதுக்குப் போகும், அங்கிருந்து துரைக்கு, அங்கிருந்து கச்சேரிக்கு. வேலை போகும். பெண்சாதி பிள்ளை இருக்கிறது. பென்சன் இருக்கிறது. இப்படி ஒவ்வொரு வருஷமும் எனக்கு நானே மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டேன். கோழை. வேறு பேர் அதற்கு எந்தப் பாஷையிலும் கிடையாது.

ரயில் தெமோதரை வரைக்கும் வந்துவிட்ட காலத்தில்தான் என் உத்தியோகம் முடிந்தது. பென்சன் கடுதாசி கைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமையே தோட்டத்துக்குப் போனேன். அக்கா இடுப்புப் பிடித்து, தோட்டத்துக் கணக்கில் பேர் வெட்டப்பட்டு, வீட்டோடு இருந்தாள். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தேன். வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அக்கா, அன்னைக்கி நீ ஒரு வார்த்தகூடத் தப்பாச் சொல்லல. நான் சொல்லிக்குடுத்ததுதான் தப்பு. அந்த எடத்துலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சும் இத்தன வருசம் வாயத் தொறக்கல. நீ பேச்சு வாங்குனதெல்லாம் எனக்காக வாங்குனது."

அவள் முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு கல்லைச் சுண்டி வெளியே போட்டாள்.

"பென்சன் எழுதிட்டாங்களா?"

"எழுதிட்டாங்க."

"எப்ப?"

"இந்த வாரம்."

"அதான் பாத்தேன்" என்றாள். கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அப்ப ஒனக்குத் தெரியுமாக்கா?"

"தொரை கம்பளி போட்டப்பவே தெரியும்டா. நல்லதாச் சொல்லியிருந்தா அவன் எதுக்கு எனக்குக் கம்பளி போடுறான்? சொன்னா ஒன் வேல போயிரும். காடும் போயி, நீயும் கூடை தூக்கவான்னு இருந்துட்டேன்." முறத்தைக் கீழே வைத்தாள். "எங்கிட்ட எதுக்குச் சொல்ற? எனக்குத்தான் தெரியுமே. காலைல பெரட்டுல போயிச் சொல்லு."

அங்கேயே தங்கி, விடிந்ததும் பெரட்டுக்களத்துக்குப் போனேன். அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். கங்காணியிடம் சொல்லி இரண்டு நிமிஷம் வாங்கிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நின்றேன். வாழ்நாளெல்லாம் அடுத்தவன் பேச்சைப் பேசினவன், அன்றைக்குத்தான் என் பேச்சைப் பேசினேன். மேலே இருந்த காடு போனதற்கு என் அக்கா காரணமில்லை, அவளை அந்தச் சாட்சி சொல்லச் சொன்னவன் நான், கம்பளிக்காக அவள் எதையும் விற்கவில்லை என்று சொன்னேன்.

குடத்தைக் காலால் தள்ளினவர்களில் பாதிப் பேர் செத்துப்போயிருந்தார்கள். சிலர் சீமைக்குத் திரும்பியிருந்தார்கள், சிலர் பெரகல பக்கத் தோட்டங்களுக்குப் போயிருந்தார்கள். பழைய ஆட்கள் இரண்டு மூன்று பேர் தரையைப் பார்த்தார்கள். முன்வரிசையில் கூடையோடு நின்ற ஓர் இளம் பெண் மரியாதையாகக் கேட்டாள்.

"எந்தக் காட்டச் சொல்றீங்க மாமா?"

கையைத் தூக்கி மேலே காட்டினேன். அவளும் பார்த்தாள். கண்ணுக்கெட்டிய மட்டும் தேயிலை.

"அது ஏழாம் நம்பர் மலையாச்சே. அங்க ஏது காடு?"

நான் பதில் சொல்வதற்குள் கங்காணி பேர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். ஏழாம் நம்பருக்கு ஆள் பிரித்தார்கள், அந்தப் பெண்ணும் அதில் போனாள். களம் காலியானது. நானும் அக்காவும் மட்டும் நின்றோம். அவள் என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள், இடுப்பு வலிக்காகப் பிடித்தாளோ எதற்காகவோ.

"முந்தியே வந்திருக்கணும்டா" என்றாள்.